வகுப்பு முடிந்ததும் எழுத வேண்டிய நாலு வரி

கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள் பலர் ஏதாவது ஒரு கட்டத்தில் குறிப்பேடு ஒன்று தொடங்குவார்கள். முதல் வாரம் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். மூன்றாவது வாரம் "இன்று வகுப்பு நன்றாகப் போனது", "இன்று கொஞ்சம் மந்தம்" என்று சுருங்கிவிடும். அதற்கப்புறம் நோட்டு மேசை டிராயருக்குள் போய்விடும். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதியதை எடுத்துப் படித்தால் அடுத்த வகுப்புக்கு உதவுகிற மாதிரி அதில் ஒன்றும் இருப்பதில்லை. உதவாத நோட்டை யார் தொடர்ந்து எழுதுவார்கள்?

நான் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்துகிறேன். கணக்கு என்றாலே பயப்படுகிறவர்கள்தான் அந்த வகுப்பில் அதிகம். பட்டப் படிப்புக்குக் கட்டாயம் என்பதால் வந்து உட்கார்ந்திருப்பார்கள், தலையாட்டுவதிலும் கெட்டிக்காரர்கள். அதனால் புரிந்ததா இல்லையா என்பதைக் கண்டுபிடிப்பதே என் வேலையில் பாதி. அதற்கு எனக்குக் கைகொடுப்பது நாலு வரி எழுதும் பழக்கம். அந்த நாலு வரியில் நான் எப்படி நடத்தினேன் என்பது வராது. மாணவர்கள் என்ன சொன்னார்கள், என்ன எழுதினார்கள் என்பது மட்டும் வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேட்கும்போது வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், வகுப்பு "நன்றாகப் போனது" என்ற உணர்வை ஏன் நம்பக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். 2019-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இயற்பியல் அறிமுக வகுப்பு மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அனுபவமுள்ள ஆசிரியர் சரளமாக விரிவுரை நடத்தினார். மறு பாதி அதே பாடத்தைச் சிறு குழுக்களாக உட்கார்ந்து, கணக்குகளைப் போட்டுப் பார்த்து, திணறிக் கற்றது. அப்புறம் இரு பிரிவுக்கும் ஒரே தேர்வு. திணறியவர்கள் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் "எவ்வளவு கற்றுக்கொண்டதாக நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், விரிவுரை கேட்டவர்கள்தான் நிறையக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். சரளமாகக் கேட்பது புரிந்த மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். கேட்பவருக்கே இந்தக் குழப்பம் என்றால், மேடையில் நின்று பேசிக்கொண்டிருக்கும் நமக்கு எவ்வளவு இருக்கும்!

அந்த நாலு வரி

முதல் வரியை வகுப்புக்கு முன்பே எழுத வேண்டும். இன்று எந்த இடத்தில், எந்தக் கேள்விக்கு, மாணவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள்? ஒரே ஒரு கேள்வி போதும். இதை எழுதாமல் போனால் மற்ற மூன்று வரிக்கும் அர்த்தமில்லை. வகுப்பு முடிந்த பிறகு நம் மனசு தானாகவே "நான் எதிர்பார்த்ததுதான்" என்று சமாளித்துவிடும்.

இரண்டாவது வரியில் உண்மையில் என்ன நடந்தது என்பதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். "சிலருக்குக் கருத்து தெளிவில்லை" என்று எழுதினால் வீண். சொன்ன வாக்கியம் வேண்டும். மூன்றாவது, ஏன் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று உங்கள் ஊகம். ஊகம்தான், தவறாக இருந்தால் பரவாயில்லை. நாலாவது, அடுத்த முறை இந்த இடத்தில் செய்யப்போகும் ஒரு மாற்றம். ஒன்றுதான். ஐந்து மாற்றம் எழுதினால் ஒன்றும் நடக்காது.

என் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். பாடம் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதைச் சொல்லும் அளவை.

"எதிர்பார்ப்பு: வகுப்பில் எல்லோருக்கும் 5 மதிப்பெண் கூட்டிப் போட்டால் திட்ட விலக்கம் என்ன ஆகும் என்று கேட்டால், மாறாது என்று பெரும்பாலோர் சொல்வார்கள். நடந்தது: பாதிக்கு மேல் '5 கூடும் மேடம்'. ஒரு பெண் மட்டும் 'எல்லாரும் சேர்ந்துதானே நகர்றாங்க' என்றாள், ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் அதைக் கேட்கவில்லை. ஊகம்: போன வகுப்பில் சராசரிக்கு இதே கேள்வியைக் கேட்டோம், அங்கே 5 கூடியது. அதை இங்கே தூக்கிப் போடுகிறார்கள். சூத்திரம் கையில் இருக்கிறது, பரவல் என்ற படம் கண்ணில் இல்லை. மாற்றம்: சூத்திரத்துக்கு முன்னால் எண்கோட்டில் புள்ளிகள் வைத்து, மொத்தப் புள்ளிகளையும் வலப்பக்கம் நகர்த்திக் காட்ட வேண்டும்."

இவ்வளவுதான். எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அடுத்த ஆண்டு இதே பாடத்துக்கு முந்தின நாள் இந்தப் பக்கத்தைப் பார்த்தால் உடனே வேலையில் இறங்கலாம். "சேர்ந்துதானே நகர்றாங்க" என்ற வாக்கியம் இப்போது என் பாடத்தில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது. என்னால் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

எப்போது எழுதுவது? வகுப்பு விட்டு ஆசிரியர் அறைக்குள் நுழைவதற்கு முன். உள்ளே போய்விட்டால் பேச்சு தொடங்கிவிடும், மாணவர் சொன்ன வாக்கியம் காற்றோடு போய்விடும். நடந்துகொண்டே எழுத முடியாதவர்கள் செல்போனில் பேசிப் பதிவு செய்துகொள்ளலாம். நான் நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்று எழுதுவேன். அடுத்தடுத்து வகுப்பு இருக்கும் நாளில் இரண்டாவது வரி மட்டும் போதும், மீதியை மாலையில் நிரப்பிக்கொள்ளலாம். எல்லா வகுப்புக்கும் எழுத வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்து, வாரத்துக்கு ஒரு வகுப்பு என்று தொடங்குங்கள்.

முதல் வரி ஏன் இவ்வளவு கடினம்

முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மாணவர் என்ன சொல்வார் என்று முன்கூட்டியே எழுதுவதுதான் நாலில் கஷ்டமானது. விஷயம் தெரிந்துவிட்டால், தெரியாமல் இருந்த காலம் மறந்துவிடும். 1990-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் செய்த ஆய்வு ஒன்று உண்டு. எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவர் காதுக்குள் மெட்டு முழுசாக ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரில் இருப்பவருக்கு டொக் டொக் சத்தம் மட்டும்தான். பத்தாண்டு திட்ட விலக்கம் நடத்திய ஆளுக்குக் கரும்பலகையில் எழுதும் ஒவ்வொரு குறியீட்டிலும் மெட்டு கேட்கும்.

இதற்கு மருந்து, போன ஆண்டுத் தேர்வுத் தாள்கள். முதல் வரியை யோசித்து எழுதாதீர்கள். தாள்களைப் புரட்டி, அங்கே வந்த தவறான பதிலை எடுத்து "இதைத்தான் சொல்வார்கள்" என்று எழுதுங்கள். தாள்கள் கையில் இல்லாத புது ஆசிரியர், அந்தப் பாடத்தைச் சென்ற ஆண்டு படித்த ஒரு மாணவரை உட்கார வைத்து, "இந்த இடத்தில் உனக்கு என்ன குழப்பம் இருந்தது?" என்று கேட்கலாம். வெட்கப்படாமல் சொல்வார்கள், பரீட்சைதான் முடிந்துவிட்டதே.

சீட்டு வாங்குவது

கை தூக்கச் சொன்னால் தூக்குகிறவர்களே தூக்குவார்கள். மற்றவர்கள் மனசில் என்ன இருக்கிறது என்று அறிய, வகுப்பு முடிவில் அரைத் தாளில் ஒரு வரி எழுதி வாங்குவதை விட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. "இன்று நடத்தியதில் எது உங்களுக்கு அதிகம் குழம்பியது?" இதுதான் கேள்வி. ஹார்வர்டில் புள்ளியியல் நடத்திய ஃபிரெடரிக் மோஸ்டெல்லர் 1989-இல் இதைப் பற்றி எழுதினார். எங்கள் துறைக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

செய்முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. மணி அடிப்பதற்கு நாலைந்து நிமிடம் இருக்கும்போதே கேளுங்கள். மணி அடித்த பிறகு கேட்டால் "ஒன்றுமில்லை" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும், பை ஏற்கெனவே தோளில் இருக்கும். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். சீட்டை வருகைப் பதிவுக்குப் பயன்படுத்தவே கூடாது. ஒருமுறை அப்படிச் செய்துவிட்டால் அப்புறம் அதில் உண்மை வராது.

நேரத்துக்கே கேட்டாலும் "எல்லாம் புரிந்தது" என்று எழுதுகிறவர்கள் இருப்பார்கள். பாதிப் பேர் மரியாதைக்காக, மீதிப் பேர் தனக்கு என்ன புரியவில்லை என்றே தெரியாததால். அடுத்த வகுப்பில் கேள்வியை மாற்றிப் போடுங்கள்: "இன்றைய பாடத்திலிருந்து தேர்வில் இரண்டு கேள்வி வந்து, ஒன்றை விட்டுவிடலாம் என்றால் எதை விடுவீர்கள்?" சாய்ஸில் விடுவது எது என்பதில் நம் மாணவர்களுக்குக் குழப்பமே இருப்பதில்லை. அந்த எதுதான் உங்களுக்கு வேண்டியது.

நூற்றைம்பது பேர் வகுப்பு என்றால் எல்லாச் சீட்டையும் படிக்க வேண்டியதில்லை. மாதிரி எடுப்பது எப்படி என்று பாடம் நடத்திவிட்டு, முழுத் தொகையையும் படித்துக்கொண்டிருந்தால் எப்படி? ஆனால் மேலிருந்து முப்பதை எடுக்காதீர்கள். கட்டின் மேலே இருப்பவை முன் பெஞ்சுச் சீட்டுகள். நன்றாகக் கலைத்துவிட்டு முப்பது எடுங்கள்.

அப்புறம் பிரிப்பது. பலகையில் எழுத்து தெரியவில்லை, இந்தக் குறியீடு எதைக் குறிக்கிறது, நீங்கள் வேகமாகப் பேசுகிறீர்கள் என்பவை ஒரு குவியல். இவற்றை அடுத்த வகுப்பின் முதல் நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். இரண்டாவது குவியலில் பாடத்தின் மையமே பிடிபடாதவை. இங்கே ஒரே மாதிரிச் சீட்டு நிறைய வந்தால் திரும்ப நடத்துவதைத் தவிர வழியில்லை. அதுவும் அதே உதாரணத்தோடு, இன்னும் உரத்த குரலில் நடத்தினால் பயனில்லை, வேறு வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். மூன்றாவது குவியல் எப்போதும் சின்னது, இரண்டு மூன்று சீட்டுதான். ஆனால் அதைப் படிக்கும் சுகமே தனி. "திட்ட விலக்கத்தில், சராசரியிலிருந்து உள்ள வித்தியாசத்தை ஏன் வர்க்கப்படுத்த வேண்டும்? குறைக் குறியை மட்டும் எடுத்துவிட்டுச் சராசரி பார்த்தால் போதாதா?" என்று ஒரு சீட்டு வந்தது. போதும் என்பதுதான் நேர்மையான பதில்! அப்படியும் ஓர் அளவை இருக்கிறது, அதற்குச் சராசரி விலக்கம் என்று பெயர். பெயர் தெரியாமலே அந்தப் பிள்ளை அதைக் கண்டுபிடித்திருந்தது. வர்க்கப்படுத்துவதால் கணிதத்தில் என்ன வசதி, தொலைவில் கிடக்கும் எண்களுக்கு அது ஏன் அதிக எடை கொடுக்கிறது என்று அடுத்த வகுப்பில் முக்கால் மணி நேரம் போனது. பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை, ஆனால் அந்த ஆண்டு வகுப்பு சூடு பிடித்தது அன்றைக்குத்தான்.

சீட்டு வாங்கிவிட்டுப் பதில் சொல்லாமல் இருந்தால் மூன்றாவது முறை வெற்றுத் தாள் வரும். ஆகவே அடுத்த வகுப்பைச் சீட்டிலிருந்தே தொடங்குங்கள். "சிலர் இப்படி எழுதியிருந்தீர்கள்" என்று ஒரு வரியைப் படித்தால் போதும், எழுதியவர் நிமிர்ந்து உட்காருவார். யார் எழுதியது என்று தேடாதீர்கள்.

கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது

வகுப்பின் நடுவில் கேட்கும் கேள்விக்கு ஒரு வார்த்தை. மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார். பிறகு தானே பதில் சொல்கிறார், அல்லது அடுத்தவரைக் கூப்பிடுகிறார். மூன்று வினாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாயின, பேசாதவர்களும் பேசினார்கள். அது பள்ளிக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு, ஆனால் கல்லூரியில் நிலைமை மேல் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. திட்ட விலக்கம் பற்றிய கேள்விக்கு மூன்று வினாடியும் போதாது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்து மூடி வைப்பேன். அந்த நேரம் சரியாக இருக்கும், நமக்கும் கை சும்மா இருக்காது. உடனே வருகிற முதல் பதிலுக்குச் "சரி" என்று சொல்லிவிடவும் வேண்டாம். சரியான பதில் வந்துவிட்டது என்று தெரிந்த நொடியில் மற்ற எல்லோரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

விடைத்தாள் திருத்தும்போது

இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் புதையலைக் குப்பையில் போடுகிறார்கள். கட்டுக் கட்டாகத் தாள் வருகிறது. கடனே என்று திருத்தி, மதிப்பெண் பட்டியலில் ஏற்றி, கட்டிக் கொடுத்துவிடுகிறோம். ஒரு பருவம் முழுக்க நாம் நடத்தியது அவர்கள் தலைக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறு கிடையாது.

திருத்தும்போது பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். தவறான வாக்கியம் வரும்போது அதை அப்படியே எழுதுங்கள். மறுபடி வந்தால் எதிரே ஒரு கோடு. மதிப்பெண்ணை எழுத வேண்டாம், அது பட்டியலில் இருக்கிறது. கட்டு முடியும்போது எந்த வாக்கியத்துக்கு எதிரே கோடுகள் நீளமாக நிற்கின்றன என்று தெரியும்.

என் தாளில் வருடா வருடம் முதலிடம் பிடிப்பது இது: "பி-மதிப்பு 0.03 என்பதால் கருதுகோள் சரியாக இருப்பதற்கு 3 சதவீத வாய்ப்புதான் உள்ளது." படிக்க அழகாக இருக்கிறது, ஆனால் தவறு. கருதுகோள், அதாவது சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்ட அனுமானம், சரி என்று வைத்துக்கொண்டால், இப்படிப்பட்ட, அல்லது இதைவிட விலகிய தரவு கிடைப்பதற்கான வாய்ப்புதான் பி-மதிப்பு. கருதுகோள் சரியா என்ற வாய்ப்பை அது சொல்வதில்லை. மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள் என்பதால் 2016-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் பி-மதிப்புக்கென்று தனி அறிக்கையே வெளியிட வேண்டி வந்தது.

இப்போது கவனியுங்கள். இந்த வாக்கியத்தை எழுதிய தாள்களில் பெரும்பாலானவற்றில் கணக்கு சரியாக இருக்கும். சூத்திரம் சரி, விடை சரி, "கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது" என்ற முடிவும் சரி. பத்துக்கு ஒன்பது மதிப்பெண். அப்படியென்றால் கோளாறு எங்கே? என் வினாத்தாளில். கணக்குப் போடத் தெரிந்தால் ஒன்பது, பொருள் தெரிந்தால் மிச்சம் ஒன்று என்று வினாத்தாள் சொல்கிறது. மாணவர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு அதற்கேற்பப் படித்திருக்கிறார். நாம் வகுப்பில் "பொருள்தான் முக்கியம்" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் வினாத்தாள் சொல்வதைத்தான் அவர்கள் நம்புவார்கள். ஆகவே வெள்ளைத் தாளில் இந்த வாக்கியத்துக்கு எதிரே கோடுகள் சேர்ந்தால் முதலில் மாற்ற வேண்டியது கேள்வி. நான் இப்போது கணக்கை முழுசாகப் போட்டு விடையோடு கொடுத்துவிடுகிறேன். "இந்த முடிவைப் புள்ளியியல் படிக்காத உங்கள் நண்பருக்கு மூன்று வாக்கியத்தில் விளக்குங்கள், பி-மதிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது" என்பது கேள்வி. திருத்தக் கூடுதல் நேரம் ஆகிறது, மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது அந்த மூன்று வாக்கியத்தில்தான் இருக்கிறது.

வெள்ளைத் தாளில் சேர்ந்த வாக்கியங்களை வீணாக்காதீர்கள். அடுத்த ஆண்டு பாடம் தொடங்கும்போது ஒன்றைப் பலகையில் எழுதி, "இதில் என்ன தவறு?" என்று கேளுங்கள். தற்போதைய வகுப்பில் யாருடையதும் இல்லை என்பதால் யார் மனசும் புண்படாது.

மாணவர்களும் திரும்பிப் பார்க்க வேண்டுமே

தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுத்தால் மாணவர் பார்ப்பது ஒரே இடத்தைத்தான்: முதல் பக்கத்தின் மேல் மூலை. எண்ணைப் பார்த்ததும் தாள் மடிந்து பைக்குள் போய்விடும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷா லவெட் இதற்கு ஓர் எளிய உபாயத்தைப் பரப்பினார். தாளோடு ஒரு பக்கக் கேள்வித்தாளையும் கொடுப்பது. எப்படிப் படித்தீர்கள், எந்த வகைத் தவறில் மதிப்பெண் போனது, அடுத்த தேர்வுக்கு என்ன மாற்றுவீர்கள். அவ்வளவுதான் அதில். வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு அவரவர் எழுதியதை அவரவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் மற்றதெல்லாம் கண்துடைப்பு.

எப்படிப் படித்தீர்கள் என்ற கேள்விக்கு என் வகுப்பில் பெரும்பாலும் "நோட்ஸைத் திரும்பத் திரும்பப் படித்தேன்" என்று வரும். அப்போது ஒரு ஆய்வைப் பலகையில் எழுதிக் காட்டுவேன். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்கள் சிலர் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்கள். சிலர் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்கள் முன்னால்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்த பிரிவில் நிலைமை தலைகீழ்: இரண்டு முறை படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. மாணவர்கள் கேட்பார்கள், "அப்போ பரீட்சைக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி படிச்சா நல்லதுதானே மேடம்?" தரவைச் சரியாகத்தான் படிக்கிறார்கள், கோபப்படக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு முன் முழுப் பாடத்தையும் படிக்க முடிந்தால் படிக்கலாம் என்பேன்.

ஒரு எச்சரிக்கை. மாணவர் தன்னைப் பற்றி எழுதும் எதற்கும் மதிப்பெண் போடாதீர்கள். "என் கற்றல் பயணம்" என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லி அதற்குப் பத்து மதிப்பெண் என்றால், தாங்கள் எப்படி மனம் திருந்தினார்கள் என்று எல்லோரும் உருக்கமாக எழுதித் தருவார்கள். எல்லாம் ஒரே கதையாக இருக்கும். நமக்கும் நேர விரயம், அவர்களுக்கும் பொய் எழுதப் பழக்கம்.

சக ஆசிரியரை உட்கார வைத்தால்

"வந்து பார்த்துவிட்டு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். "நன்றாக இருந்தது" என்பார், வேறென்ன சொல்வார், தினமும் பக்கத்து மேசையில் உட்கார வேண்டியவர். எண்ணுகிற வேலை கொடுங்கள். வகுப்பின் இருக்கை அமைப்பை ஒரு தாளில் வரைந்து கொடுத்து, யார் பேசினாலும் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது முகம் எந்தப் பக்கம் வருகிறதோ, புள்ளிகள் அந்தப் பக்கமே குவிந்திருக்கும். அதற்கு விளக்கம் தேவையில்லை, அறிவுரையும் தேவையில்லை.

பருவ முடிவில் நிர்வாகம் வாங்கும் கருத்துப் படிவத்தைப் பற்றிக் கேட்பார்கள். 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது), மாணவர் ஆசிரியருக்குத் தரும் மதிப்பீட்டுக்கும் அவர்கள் உண்மையில் கற்ற அளவுக்கும் தொடர்பு இல்லை என்று காட்டியது. அதனால் சராசரி 4.2 வந்ததா 3.9 வந்ததா என்று தூக்கம் கெட வேண்டாம். கீழே கையால் எழுதிய வரிகளைப் படியுங்கள், அதில் நடந்த விஷயம் ஏதாவது இருந்தால் நோட்டில் ஏற்றுங்கள். அதையும் பருவ நடுவிலேயே நீங்களே கேட்டுவிட்டால், எழுதிக் கொடுத்தவர்களுக்கே பலன் கிடைக்கும்.

நோட்டை என்ன செய்வது

நோட்டு தனியாகவும் பாடக் குறிப்பு தனியாகவும் இருந்தால் இரண்டும் சந்திக்காது. பருவம் முடிந்த வாரத்திலேயே, அலுப்பு தட்டுவதற்குள், நாலாவது வரிகளை மட்டும் எடுத்து அந்தந்தப் பாடத்தின் குறிப்பில் ஏற்றிவிடுங்கள். விடுமுறைக்குப் பிறகு செய்துகொள்ளலாம் என்றால் நடக்காது. இரண்டு ஆண்டு தொடர்ந்து ஒரே மாற்றத்தை எழுதி, இரண்டு முறையும் செய்யாமல் விட்டிருந்தால், அதை அடித்துவிடுங்கள். அது உங்களால் ஆகாத மாற்றம், அல்லது தேவையில்லாத மாற்றம்.

மாற்றங்கள் சேரச் சேர நேரம் போதாது. எண்கோடு வரைய வேண்டும், சீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். எதையாவது எடுத்தால்தான் இவற்றுக்கு இடம். பாடத்திட்டத்தைத் தொடக்கூடாது என்கிற இடங்களிலும் எதற்கு எத்தனை வகுப்பு என்பது பெரும்பாலும் ஆசிரியர் கையில்தான் இருக்கும். எதைக் குறைப்பது என்பதையும் நோட்டே சொல்லும்: எந்தப் பாடத்துக்கு எதிர்பார்ப்பும் நடந்ததும் வருடா வருடம் ஒன்றாகவே இருக்கிறதோ, அங்கே நேரத்தைக் குறைக்கலாம். நான் குறைத்தது, எண்களை 0-10, 10-20 என்று பிரித்துப் போடும் வகுப்பு இடைவெளி அட்டவணையை வைத்துத் திட்ட விலக்கத்தைக் கையால் கணக்கிடும் பயிற்சி. நாலு வகுப்பு போய்க்கொண்டிருந்தது, இப்போது இரண்டு. மிச்சமான இரண்டில் ஒன்று பி-மதிப்புக்குப் போனது. இன்னொன்றுக்கு அட்டவணையில் ஒன்றும் எழுதவில்லை. சீட்டில் மூன்றாவது குவியல் பெரிதாக வரும் வாரத்தில் எடுத்துக்கொள்வேன்.